கடதாசி மணிக்கூடும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். தேநீர் இடைவேளையில் சீனி போட்டுக் குடித்தவர்கள் பயப்பட வேண்டாம். இன்று கதைக்கப் போவது சின்ன வகுப்புப் பாடம் ஒன்றைப் பற்றி: மணிக்கூட்டில் நேரம் பார்ப்பது.

இந்தப் பேச்சில் வருவது ஒருவருடைய அனுபவம் அல்ல. 1997 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பில் சிலர் இன்னும் பதுளையைச் சுற்றியே இருக்கிறோம். இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கியில், ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார், ஒருவர் வைத்தியசாலையில். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சில வருடங்களாகப் போய் வருகிறோம். போகும்போது எடுத்துக்கொண்டு போவது பழைய மட்டை, கத்தரிக்கோல், நூல், சட்டைப் பொத்தான். அங்கே பிள்ளைகளுடன் இருந்து கடதாசியில் மணிக்கூடு செய்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு முழுவதும் 'நாங்கள்' என்றே வரும்.

இதை ஏன் தொடங்கினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

வைத்தியசாலையில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பது. காய்ச்சலோ, வயிற்றோட்டமோ, பாம்புக் கடியோ, பிரசவ வலியோ, எதுவாக இருந்தாலும் அந்தக் கேள்வி உண்டு. தோட்டத்திலிருந்து வரும் தாய்மார் அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதில்லை. "பெரட்டு கலையிறப்ப ஒடம்பு சுட்டுச்சு டாக்டரம்மா." "பகல் கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப ரெண்டு தரம் சத்தி எடுத்தான்." "கடைசி பஸ் போனதுக்கு அப்பறம் புள்ள மூத்திரமே போகல." இவை எல்லாம் நேரம்தான். அந்தத் தோட்டத்தில் எப்போது பிரட்டு, எப்போது நிறுவை, கடைசி பஸ் எப்போது என்று தெரிந்தவருக்கு இவை தெளிவான பதில்கள். தெரியாத ஒரு வைத்தியருக்கு, அதிலும் வேறு மொழி பேசும் ஒருவருக்கு, இதில் ஒன்றும் கிடைப்பதில்லை. துண்டில் 'நேரம் தெரியாது' என்று எழுதப்பட்டுவிடும்.

நேரம் தெரியாமற் போனால் என்ன நடக்கும்? பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாவிட்டால் அந்த ஊசியைப் போடத் தயங்குவோம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் இரண்டு வேளைக்கு இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும், 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் குடித்தால் அதன் பலன் உடம்பில் முழுதாகச் சேராது. தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விட வேண்டும். தேயிலை பறிக்கும் பெண்ணுக்கே தேநீரை எப்போது குடிக்கலாம் என்று மணி பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா" என்று மருந்து உறையில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எந்த மொழியில் எழுதியிருக்கிறது, அதை வீட்டில் யார் வாசிப்பார் என்று எப்போதும் பார்ப்பதில்லை. வாசித்தாலும், எட்டு மணித்தியாலம் என்பதைக் கணக்குப் பார்க்க வீட்டில் ஒருவராவது வேண்டும். பல லயங்களில் அந்த ஒருவர் பாடசாலைக்குப் போகும் பிள்ளைதான். அம்மா மலையில், அப்பா கொழும்பில், வீட்டில் அம்மாயி. மருந்து கொடுப்பது எட்டு வயதுப் பெண்பிள்ளை. அவளுக்கு மணி பார்க்கத் தெரியுமா என்பது எங்களுக்குப் பாடத்திட்டக் கேள்வி மட்டுமாக இருக்க முடியாது.

தோட்டத்தில் நேரம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நேரத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்டு வாழ்ந்த மக்கள் இந்த நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. விடியுமுன் பிரட்டுத் தப்பு. பிறகு பிரட்டுக்களம். பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓட வேண்டும். நிறுவைக்கு மடுவத்துக்கு வர வேண்டும். நாள் முடிவில் முழுப்பேரா அரைப்பேரா என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதுவார். நமது அம்மாயிமாரும் அப்பாயிமாரும் ஒவ்வொரு நாளும் நேரத்துக்குள்தான் வாழ்ந்தார்கள். ஆனால் மணிக்கூடு இருந்தது தொழிற்சாலையிலும் ஆபீசிலும் துரை பங்களாவிலும். நேரம் அங்கிருந்து சத்தமாக வந்தது. தப்பாக வந்தது, சங்காக வந்தது, கங்காணியின் குரலாக வந்தது. அந்தச் சத்தம் சரியான நேரத்துக்கு வந்ததா என்று பார்க்கும் வழி லயத்தில் இருக்கவில்லை. அரை மணித்தியாலம் கூட வேலை வாங்கினால் அதை அறிய ஒரு மணிக்கூடும், அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும் அல்லவா?

தோட்டத்துக்கென்று தனி நேரம் வைத்திருந்த இடங்களும் உண்டு. இந்தியாவின் அசாமில் தேயிலைத் தோட்டங்கள் நாட்டின் நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் முன்னதாக மணிக்கூட்டை வைப்பது வழக்கம். அதற்குத் 'தோட்ட நேரம்' என்றே பெயர். கிழக்கே சூரியன் முந்தி உதிப்பதால் பகல் வெளிச்சத்தை முழுதாகப் பயன்படுத்தச் செய்த ஏற்பாடு அது. நேரம் என்பது வானத்திலிருந்து நேரே இறங்கி வருவதல்ல, மனிதர் தீர்மானிப்பது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

நமக்கும் அந்த அனுபவம் உண்டு. பதுளைக்கு ரயில் வந்தது 1924 இல். நமது பாடசாலையும் ரயிலும் ஏறத்தாழ ஒரே வயதினர். ரயில் வந்த இடத்துக்கு மணி கணக்கும் வந்தது. எல்ல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் ரயில் சத்தத்தை வைத்து உலை வைத்தவர்கள் பலர். அந்த ரயில் பிந்தி வந்த நாட்களில் சோறும் பிந்தியது என்பது வேறு கதை.

இலங்கையின் நேரமும் பலமுறை மாறியிருக்கிறது. 1906 இல் கிரீனிச்சைவிட ஐந்தரை மணித்தியாலம் முன் என்று வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 இல், முதலில் அரை மணித்தியாலமும் பிறகு இன்னொரு அரை மணித்தியாலமும் கூட்டி, 1945 இல் பழையபடி ஆக்கினார்கள். நாங்கள் பத்தாம் தரத்தில் இருந்தபோது அது திரும்ப வந்தது. 1996 இல் மழையில்லை, நீர்த்தேக்கங்கள் வற்றிவிட்டன, மின்வெட்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25 ஆம் திகதி நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்தது. அந்தப் பத்து வருடமும் வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம்.

எங்கள் வகுப்பில் தோட்டத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கு அந்த 1996 நன்றாக நினைவிருக்கும். ஏழரைக்குப் பாடசாலை தொடங்கும் என்றால், சூரியனுக்கு அது ஆறரை. மலைப்பாதையில் அட்டையும் பனியும் இருட்டும். வீட்டில் "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் யாரும் எதையும் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் கூட முகூர்த்த நேரத்துக்குப் பக்கத்தில் 'புதிய நேரம்' என்று அச்சிட்டார்கள். மணிக்கூட்டின் முள்ளை ஒருவர் திருப்பினால் ஒரு நாடே முந்தி எழும்ப வேண்டும் என்பதை நாங்கள் சமூகக்கல்விப் புத்தகத்தில் படிக்கவில்லை, காலால் நடந்து படித்தோம்.

இனி மணிக்கூட்டைச் செய்யும் விதத்துக்கு வருவோம். ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமார் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மெல்லிய கடதாசியில் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு வெட்டச் சொல்கிறோம். வட்டத்தை இரண்டாக மடிக்க வேண்டும். அந்த அரைவட்டத்தை, விசிறி மடிப்பது போல, மூன்று சமபங்காக மடிக்க வேண்டும். அதை மறுபடி இரண்டாக மடிக்க வேண்டும். இரண்டு, ஆறு, பன்னிரண்டு. பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு கோடுகளும், அவை சந்திக்கும் நடுப்புள்ளியும் தாமாகவே வந்திருக்கும். அடிமட்டமும் வேண்டாம், பாகைமானியும் வேண்டாம். பிரித்துப் பார்க்கும் அந்தக் கணத்தில் பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்கவே போகலாம். பின்னங்கள் என்ற பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதைப் பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டுகிறோம். எண்களை எழுதும்போது முதலில் 12, 6, 3, 9. பிறகுதான் மற்றவை. ஒன்றிலிருந்து வரிசையாக எழுத விட்டால் பிள்ளைகள் பாதி வட்டத்துக்குள்ளேயே பன்னிரண்டையும் முடித்துவிடுவார்கள். முள் இரண்டும் மட்டையில் வெட்டியவை, வேறு வேறு நிறம், நீளம் நன்றாக வித்தியாசப்பட வேண்டும். நடுவில் துளையிட்டு, முன்னுக்கு ஒரு பொத்தான், பின்னுக்கு ஒரு பொத்தான் வைத்து நூலால் கோத்துவிட்டால் முள் சுழலும், கழன்று விழாது. தையற்கடைத் தோழி இதற்காகவே பொத்தான் சேர்த்து வைக்கிறார்.

ஆனால் முதல் நாளில் இரண்டு முள்ளையும் பூட்டுவதில்லை. சின்ன முள்ளை மட்டும் பூட்டுகிறோம். பெரிய முள் இல்லாமலேயே நேரம் சொல்லலாம் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சின்ன முள் ஏழில் நின்றால் ஏழு மணி. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் ஏழரை. எட்டை நெருங்கிவிட்டால் எட்டாகப் போகிறது. ஒரு தாய்க்கு மருந்து கொடுக்க இது போதும்.

இங்கே நமது மொழி பிள்ளைக்குப் பெரிய உதவி. ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்கிறோம். ஏழு, அதோடு கால். ஏழு, அதோடு அரை. ஏழு, அதோடு முக்கால். சின்ன முள் ஏழைத் தாண்டி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. சிங்களத்திலும் ஏழேகாலை 'ஹதய் கால' என்றும் ஏழரையை 'ஹத ஹமார' என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஏழேமுக்காலைச் சொல்ல எட்டிலிருந்து கால் மணியைக் கழிக்க வேண்டும். அதனால் ஆங்கில மொழி மூல வகுப்பில் நமது பிள்ளை ஏழேமுக்காலில் தடுமாறினால், அவளுக்கு மணிக்கூடு தெரியாது என்று எடுத்துவிடக் கூடாது. அவளுடைய முள் முன்னே நடக்கிறது, பாடம் பின்னே எண்ணுகிறது. அவ்வளவுதான்.

இன்னொன்று. நாம் 'மணி' என்கிறோம், 'மணித்தியாலம்' என்கிறோம். இரண்டும் வேறு. எட்டு மணி என்பது ஒரு புள்ளி, எட்டு மணித்தியாலம் என்பது ஒரு தூரம். மருந்து உறையில் இருப்பது தூரம். இதை விளக்க அவர்களையே கேட்கிறோம்: "காலையில ஆறு மணிக்கு மருந்து குடிச்சா, எட்டு மணித்தியாலம் கழிச்சு எப்ப?" சின்ன முள்ளை ஆறிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி எட்டுத் தரம் எண்ணினால் இரண்டில் வந்து நிற்கும். இன்னும் எட்டுத் தரம், இரவு பத்து. இன்னும் எட்டு, மறுபடி ஆறு. மூன்று வேளை மருந்து வட்டமாகச் சுற்றி வந்த இடத்துக்கே வருவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏன் இராத்திரி பத்து மணிக்கு எழுப்பி மருந்து கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

இரண்டாம் நாளில்தான் பெரிய முள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்று என்று எழுதிய இடத்தில் பெரிய முள் நின்றால் ஐந்து நிமிடம் என்கிறோம், இரண்டில் நின்றால் பத்து. எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது வேறொன்று. அதனால் மணிக்கூட்டைச் சுற்றிப் பன்னிரண்டு இதழ் ஒட்டிப் பூவாக்குகிறோம். இதழை நிமிர்த்தினால் உள்ளே 5, 10, 15 என்று நிமிடம் எழுதியிருக்கும். கொஞ்ச நாளில் இதழை நிமிர்த்தாமலே சொல்லிவிடுவார்கள்.

கடதாசி மணிக்கூட்டுக்கு ஒரு குறை உண்டு. உண்மையான மணிக்கூட்டில் பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் சின்ன முள் ஒரு வீடு நகரும். இரண்டும் உள்ளே பற்சக்கரத்தால் இணைந்தவை. கடதாசியில் அவை தனித்தனி. பிள்ளை மூன்றரை வைக்கச் சொன்னால் சின்ன முள்ளை நேராக மூன்றிலேயே வைத்து, பெரிய முள்ளை ஆறில் வைத்துவிடும். அப்படி ஒரு நேரம் எந்த மணிக்கூட்டிலும் வராது. அதே பிள்ளை சுவர் மணிக்கூட்டில் மூன்று ஐம்பதைப் பார்த்து, சின்ன முள் நாலை ஒட்டி நிற்பதால் நாலு ஐம்பது என்று வாசிக்கும். ஆகவே எங்காவது ஒரு பழைய அலாரம் மணிக்கூட்டை எடுத்துச் செல்கிறோம். பின்பக்கத் திருகைப் பிள்ளைகளே திருப்ப வேண்டும். பெரிய முள் ஓட ஓடச் சின்ன முள் ஊர்வதைக் கண்ணால் கண்ட பிறகு, கடதாசி மணிக்கூட்டில் இரண்டு முள்ளையும் இரண்டு விரலால் சேர்த்து நகர்த்தப் பழக்குகிறோம். இந்த ஒரு விஷயத்துக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம். வீண் போகாது.

மூன்றாம் நாளில்தான் அந்தத் தோட்டத்தை மணிக்கூட்டில் ஏற்றுகிறோம். வட்டத்தின் ஓரத்தில் பிள்ளைகள் தங்கள் நாளைப் படமாக வரைவார்கள். தப்பு, பிள்ளைக்காம்பரா, பாடசாலை மணி, பகல் நிறுவை, அந்தி நிறுவை, பஸ், மாடு கட்டுவது, அம்மா வருவது. எந்த எண்ணுக்கு நேரே எது என்று வீட்டில் கேட்டு வர வேண்டும். இங்கே பிள்ளைகளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நாளின் ஒழுங்கு முழுவதும் அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அந்த ஒழுங்கின் மேல் எண் வந்து உட்காருகிறது. "பகல் நிறுவைக்குச் சத்தி எடுத்தான்" என்று அம்மா சொன்னால், "அது பன்னிரண்டு மணி" என்று பிள்ளை மொழிபெயர்க்கும். அதுதான் எங்களுக்கு வேண்டியது. தோட்டத்து நேரத்தை யாரும் மறக்க வேண்டாம். இரண்டையும் தெரிந்துகொண்டால் போதும்.

வெயில் உள்ள நாளில் முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நிழலையும் பார்க்கிறோம். மணிக்கூட்டு முள் ஏன் இந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். வடக்கே ஐரோப்பாவில் நிழற்கடிகாரத்தின் நிழல் அப்படிச் சுற்றியது, மணிக்கூடு செய்தவர்கள் அதையே பின்பற்றினார்கள் என்று சொல்கிறோம். நமது நாட்டில் வேடிக்கை என்னவென்றால், ஏப்ரல் மாதம் 5 ஆம் திகதி தொடக்கம் 15 ஆம் திகதி வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே கடந்து வடக்கே போகும். அதன் பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நமது நண்பகல் நிழல் தெற்கே விழும், சுற்றுவதும் எதிர்ப்பக்கமாக. அந்த மாதங்களில் பதுளையில் மணிக்கூடு கண்டுபிடித்திருந்தால் முள் மறுபக்கம் சுற்றியிருக்கும். நமது முன்னோர் நாழிகைக் கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம். நாட்காட்டியில் ராகு காலம் திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்ப திங்கக்கெழம பள்ளிக்கூடம் ராகு காலத்துலயா தொடங்குது?" என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அதிபரிடம் விட்டுவிட்டு வந்தோம்.

கடைசியாக, ஒரு நிமிடம் என்றால் எவ்வளவு என்பதை உடம்பால் அறிய வைக்கிறோம். கண்ணை மூடி, ஒரு நிமிடம் ஆனதும் கையைத் தூக்க வேண்டும். பெரும்பாலும் இருபது முப்பது செக்கனிலேயே கைகள் எழும்பிவிடும். பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு, தூங்கும் தம்பி தங்கையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லிக் கொடுக்கிறோம். சளிச்சுரத்துக்கு இது நல்ல அடையாளம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை உள்ள குழந்தை நிமிடத்துக்கு ஐம்பது தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை நாற்பது அல்லது அதற்கு மேல் விட்டாலும், தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதற்கு முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உபகரணம் எதுவும் வேண்டாம், செக்கன் முள் உள்ள ஒரு மணிக்கூடு போதும்.

வலிப்பைப் பற்றியும் ஒரு வரி சொல்லி வைப்போம். மணிக்கூட்டில் பெரிய முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போக ஐந்து நிமிடம். வலிப்பு வந்த பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், பெரிய முள்ளைப் பார். ஓர் எண் தாண்டியும் வலிப்பு நிற்காவிட்டால் உடனே வைத்தியசாலை. ஒருமுறை தம்பியுடன் வந்த ஒரு சிறுமியிடம் எவ்வளவு நேரம் என்று கேட்டோம். அம்மா, "ரொம்ப நேரம்" என்றார். சிறுமி, "பெரிய முள்ளு எட்டுல நிக்கிறப்ப தொடங்குச்சு, ஒம்பதத் தாண்டித்தான் நின்டுச்சு" என்றாள். அவளுக்கு நிமிடக் கணக்கு இன்னும் முழுதாக வந்திருக்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் அவள் சொல்லிவிட்டாள். சிகிச்சையை அந்தப் பதிலை வைத்தே தீர்மானித்தோம்.

"இப்போது எல்லா வீட்டிலும் போன் இருக்கிறதே, அதில் எண்ணாகவே நேரம் வருகிறதே" என்று வெளிநாட்டுத் தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போனில் 10:47 என்று தெரியும். பதினொன்றுக்கு இன்னும் எவ்வளவு என்பது தெரிய வேண்டுமானால் கழிக்க வேண்டும். முள் மணிக்கூட்டில் அது கண்ணுக்கு முன்னால் ஒரு துண்டுப் பிட்டுப் போல இருக்கிறது. கழித்தல் வராத வயதிலும் எவ்வளவு மீதி என்று பார்க்கலாம். பரீட்சை மண்டபத்துக்குப் போனைக் கொண்டுபோக முடியாது, சுவரில் இருப்பது முள் மணிக்கூடு. அதோடு போன் அப்பாவுடனோ அண்ணனுடனோ போய்விடுகிறது. வீட்டில் தங்குவது சுவர் மணிக்கூடும் பெண்பிள்ளையும்.

முதியவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மறதி நோய் இருக்கிறதா என்று அறிய வைத்தியர்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று, வெறும் தாளைக் கொடுத்து ஒரு மணிக்கூடு வரையச் சொல்வது. பதினொன்று பத்துக் காட்டும்படி முள் போடுங்கள் என்போம். உலகம் முழுவதும் செய்யும் சோதனை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தப்புச் சத்தத்துக்கு எழும்பி, கொழுந்து நிறுத்து, ஒரு தரமும் மணிக்கூடு கையில் கட்டாத ஓர் அம்மாயியிடம் இந்தத் தாளை நீட்டினால் என்ன வரும்? வட்டம் வரும். சில வேளை அதுவும் வராது. அது நோயல்ல. அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பிரட்டுக்குப் பிறகு என்ன, அந்தி நிறுவை எங்கே நடக்கும், தவறணைக்குப் போகும் வழி எது. நமது தோட்டங்களுக்கு வரும் இளம் வைத்தியர்களுக்கு இதை ஒவ்வொரு தடவையும் சொல்கிறோம். இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் வயதாகும்போது அந்தத் தாளை யாராவது நீட்டினால், அவர்கள் மணிக்கூட்டை வரைய வேண்டும். அவர்களுடைய பேத்திமாரும்தான்.

மருந்து உறையில் எழுத்துக்குப் பதிலாக முள் இல்லாத ஒரு மணிக்கூட்டு முத்திரை குத்தி, இரண்டு கோடு போட்டுக் கொடுத்தால் என்ன? பக்கத்தில் பகலென்றால் சூரியன், இரவென்றால் பிறை. அது சிங்களமும் அல்ல, தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. எல்லோரும் வாசிக்கலாம், மணி பார்க்கத் தெரிந்தால். எங்கள் மருந்துக் கொடுப்பனவு மேசைகளில் இதைச் சிலர் ஏற்கனவே கையால் வரைந்து கொடுக்கிறார்கள். பாடசாலை அந்தப் பாதியைச் செய்தால் வைத்தியசாலை இந்தப் பாதியைச் செய்யும்.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கத்தில் பல யோசனைகள் வந்திருக்கின்றன. நுழைவாயில் வளைவு, நினைவுக்கல், மேடைத் திரை, எல்லாம் நல்லவைதான். அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். ஊவா மாகாணத் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒரு பெட்டி. அதில் ஓடும் ஒரு அலாரம் மணிக்கூடு, கத்தரிக்கோல், பொத்தான், நூல், வட்டம் போட ஒரு தட்டு, பாடத்தை நடத்தும் முறை எழுதிய ஒரு தாள். மட்டை தோட்டத்துக் கடையிலேயே கிடைக்கும். பெட்டியை அனுப்புவது மட்டும் போதாது, யாராவது மூன்று நாள் போக வேண்டும். ஒரே ஆசிரியை இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நாம் போனால் அவருக்கு அந்த மூன்று நாளும் ஒரு கை.

வெளிநாட்டில் இருக்கும் தோழிகளுக்கும் வேலை இருக்கிறது. இலங்கை நேரத்துக்கு டொரொன்டோ கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின், மாரியில் பத்தரை. லண்டன் நாலரை, மாரியில் ஐந்தரை. சங்கக் கூட்டத்துக்கு இணையத்தில் சேரும்போது அரை மணித்தியாலத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்று திண்டாடி, பட்டம் பெற்றவர்களும் பிந்தி வருவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் பிள்ளைகளுடன் உட்கார்ந்து ஒரு கடதாசி மணிக்கூடு செய்யுங்கள். அதில் இரண்டு சின்ன முள் பூட்டுங்கள், ஒன்று உங்கள் ஊருக்கு, ஒன்று பதுளைக்கு. அம்மம்மா இப்போது தேநீர் ஊற்றுகிறாரா, தூங்குகிறாரா என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்காக வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை, மதியம் வரை. வாகனம் உள்ளவர்கள் அதையும் எழுதுங்கள். மடுல்சீமைப் பக்கம் போக ஜீப் வேண்டும். பழைய சட்டைப் பொத்தான்களை எறிந்துவிடாதீர்கள்.

தண்டவாளத் துண்டைத் தட்டி மணியடித்த வகுப்பறைகளில் எங்களுக்கு நேரம் பார்க்கச் சொல்லித் தந்த ஆரம்பப் பிரிவு டீச்சர்மார் சிலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வகுப்பின் சார்பில் நன்றி. எங்களுக்குத் தந்த இருபது நிமிடத்தில் இன்னும் இரண்டு நிமிடம் மீதி இருப்பதாகச் சுவர் மணிக்கூடு காட்டுகிறது. அதை அடுத்துப் பேசும் அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறோம்.